மீதி வரி

பிறைநகரில் வெள்ளிக்கிழமை காலைகளில் இறந்தவர்களின் புதுப்பாடல்கள் வெளியாகும். நிலவின் பாறைக்கடியில் இருந்த அந்த ஊரில் யாருக்கும் அது விந்தையாகப் படவில்லை. பல் துலக்கிக்கொண்டே கேட்பார்கள். பிடிக்காவிட்டால், "செத்தப்புறம் இவரு சரியாப் பாடுறதில்ல" என்பார்கள்.

அந்தப் பாடல்கள் எல்லாம் மதுரவல்லியைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அவள் இசைக் காப்பகத்தில் பதிவுகளை வகைபிரிப்பவள். பாடியவர் முடித்துவைத்ததை 'முழுப்பதிவு' என்று குறித்தால் அதை எவரும் தொடக் கூடாது. முயன்று பார்த்துப் பாதியில் விட்டதை 'மாதிரிப்பதிவு' என்று குறித்தால் அது நிரப்பிக்குப் போகும். நிரப்பி என்ற இயந்திரம் பாடியவரின் குரலிலேயே மிச்சத்தைப் பாடி முடித்துவிடும். எது முடிந்தது, எது முடியாதது என்பதை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும்; அது சட்டம்.

ஒரு நாள் சேந்தனின் பதிவு வந்தது. சேந்தன் அவள் கணவன். ஊரின் வெளிவாசலான காற்றறையின் கதவு எதிர்பாராமல் திறந்துகொண்டதில் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. பழைய கருவி ஒன்றிலிருந்து யாரோ மீட்டு அனுப்பியிருந்தார்கள்.

சமையலறையில் நின்று பாடியிருக்கிறான். பின்னால் ஒரு பாத்திரம் உருள்கிறது. "கதவு திறந்திருக்கு, நான்..." என்ற இடத்தில் பாட்டு நிற்கிறது. ஒரு மூச்சு. பிறகு பேச்சுக் குரலில், "வல்லி, அவ்வளவுதான்."

மேலாளர் தணிகாசலம் கேட்டுவிட்டு, "மாதிரிதாம்மா. வரி பாதியில நிக்குதே" என்றார்.

"அவ்வளவுதான்னு சொல்றாரே சார்."

"முடிஞ்சிருச்சுன்னும் எடுத்துக்கலாம். இப்போதைக்கு வந்தது அவ்வளவுதான்னும் எடுத்துக்கலாம். உங்க வீட்டுக்காரர். நீங்களே முடிவு பண்ணுங்க."

அவளுக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும்போதும், சண்டையை முடிக்கும்போதும் அவன் அதே தொனியில்தான் அந்தச் சொல்லைச் சொல்வான். அது முடிந்த பாட்டு.

ஆனால் அந்த 'நான்' அவளை விடவில்லை. குளிக்கையில், சுரங்க ரயிலில், தூக்கத்தின் விளிம்பில் அது வந்து நின்றது. கதவு திறந்திருக்கு, நான்... வந்துவிட்டேனா? போகிறேனா? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. 'மாதிரிப்பதிவு' என்று குறித்தாள்.

நிரப்பி முடித்த பாட்டை முதலில் நெருங்கிய உறவினருக்குப் போட்டுக் காட்டுவார்கள். அவர் சொல்லும் வார்த்தைகளும் பதிவாகி, பாட்டின் இறுதியில் சேரும். மதுரவல்லி கேட்பறையில் தனியே உட்கார்ந்தாள்.

நின்ற இடத்தைக் குரல் மூச்சு வாங்காமல் கடந்தது. "நான் காத்திருக்கேன் கண்ணே." அவனுடைய அதே லேசான மூக்கடைப்பு, அதே கமகம். சேந்தன் வாழ்நாளில் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. அவளைக் கண்ணே என்று கூப்பிட்டதும் இல்லை. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ முதுகுகாட்டி நிற்பதுபோல் அவளுக்கு இருந்தது.

"இது அவரில்ல..." என்றாள். எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, வழியில் பார்த்தவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காப்பகத்துக்குப் போய்ப் பாட்டைக் கடைசிவரை கேட்டாள். பாட்டு முடிந்ததும் அவள் குரல் கேட்டது: "இது அவரில்லாம வேற யாரு? அப்படியே அவரேதான்." கூடவே நிறைவான ஒரு விசும்பல்.

தணிகாசலத்திடம் ஓடினாள். "நான் சொல்ல வந்தது அது இல்ல சார்."

"பாதியில நிறுத்திட்டு எழுந்து போயிட்டீங்களேம்மா. பாதியில நின்னா மாதிரிதானே? நான்தான் குறிச்சு நிரப்பிக்கு அனுப்பினேன்."

"எடுத்துருங்க சார்."

"நிரப்பி முடிச்சாச்சு, இப்ப அது முழுப்பதிவு. தொடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

வீடு திரும்பியதும் மாமியார் அழைத்தார். "நீ சொன்னதைக் கேட்டப்புறம்தான் எனக்கு உசிரே வந்துச்சு. அவன்தானே வல்லி? இன்னொரு தடவ உன் வாயால சொல்லு."

மதுரவல்லி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியிருந்தது. மற்றது தயாராக நாக்கில் இருந்தது.

"அவரில்லாம வேற யாரு அத்தை" என்றாள்.

கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது.