ஏழு வாளிச் சுண்ணாம்பு

ஏழு வாளிச் சுண்ணாம்பை முழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத சுவர் ஒன்று தன் வீட்டில் இருப்பதாகக் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி பொன்னுதுரை காஜா பெராங் வட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சின்ன வாளி இல்லை, குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற வாளி. அந்த ஏழு வாளியில் மலாக்காவிலுள்ள மாதா கோயில்கள் அத்தனைக்கும் வெள்ளையடித்துவிட்டு, மிச்சத்தைக் கடலில் கொட்டிக் கடலையும் வெளுத்திருக்கலாம். சுவர் என்னவோ பத்தடிதான்.

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று தாங்களே கிழங்காகிக்கொண்டிருந்த ஜனங்கள், சிரிக்க ஒன்று கிடைத்ததே என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அவர் பெண்டாட்டி ருக்மணி.

"சுவரு தின்னுச்சா, இல்ல நீங்க வெறும் தண்ணியக் கலக்கி அடிச்சீங்களா?" என்றாள். "தோட்டத்துல கணக்கெழுதின கை. அதுக்குச் சுண்ணாம்பு கலக்கத் தெரியுமா?"

பேச்சு சிரிப்பாகத்தான் இருந்தது. அடியில் இருந்தது சிரிப்பில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி காஜா பெராங் வரை வந்துவிட்டது. போன வாரம் தெருக்கோடியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள், சட்டையைப் போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. குருபோங் பக்கம், லாரி நுழைய முடியாத உள்காட்டில், சோமசுந்தரத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நெல்லுக்கிடங்கு வைத்திருந்த மனிதர். வீட்டைக் கொடுத்தால் நிலத்தைத் தருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"பின்னறைச் சுவரு ஊறிப்போய்க் கிடக்கு கிராணி. வெள்ளையடிச்சுக் காட்டுங்க, எடுத்துக்கறேன். இப்படியே கொடுத்தா எனக்கு வேணாம்."

"விக்கப்போற வீட்டுக்கு எதுக்குங்க பொட்டும் பூவும்?" என்று ருக்மணி அப்போதே சொன்னாள். பொன்னுதுரை கேட்கவில்லை. அடித்தே தீருவது என்று இறங்கினார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, தென்னம்மட்டையை நசுக்கித் தூரிகை செய்து, முதல் நாள் காலையில் அடித்த அடி மத்தியானத்துக்குள் காய்ந்து பளபளவென்று வந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் சுவரில் ஆறு இடத்தில் சுண்ணாம்பு இல்லை. ஆறும் ஒரே வரிசை. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். ஈரம் தள்ளியிருக்கிறது என்று மறுபடி அடித்தார். மறுநாள் அந்த ஆறும் தட்டளவு. மூன்றாம் நாள் முறத்தளவு.

நான்காம் வாளியில்தான் அவருக்குச் சத்தம் கேட்டது. வெளியே வெயில் தகரக் கூரையைப் படபடக்க வைத்துக்கொண்டிருக்க, தெருவில் யாரோ சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டு வைதுகொண்டிருக்க, அறைக்குள் அவருடைய தூரிகையின் சரக் சரக்குக்கு அடியில், கன்றுக்குட்டி உப்புக்கல்லை நக்குவது போல ஈரமான, நிதானமான, அவசரமே இல்லாத ஒரு சத்தம், சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடிக்கொண்டிருந்தது. தூரிகையை நிறுத்தினார். அதுவும் நின்றது. ஒரு மூச்சு தாமதமாக.

வாடை ஒன்றும் வந்தது. சாம்பிராணி. பழைய வாழையிலை. பல நாள் மூடிக்கிடந்த வாய்.

ஐந்தாவது வாளியிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வாசலுக்கும் பின்னறைக்கும் நடந்து நடந்து தரைப்பலகை தேய்ந்ததுதான் மிச்சம். ஏழாவதும் போய் மூன்றாம் நாள் குந்தி உட்கார்ந்து அந்த ஆறு இடத்தையும் உற்றுப் பார்த்தார். ஓரமெல்லாம் மெல்லிய கீறல், பல் பட்டது போல. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய வாய் சரியாக அந்த வரிசைக்கு நேராக இருந்தது.

"இனி ஒட்டுப்போடுற வேலை வேணாம் ருக்மணி. உள்ளபடி எடுத்தா எடுக்கட்டும்."

"எடுக்காட்டி? உங்கள லாரியில ஏத்திவிட்டுட்டு நான் சுவரப் பாத்துக்கிட்டு உக்காரவா? நாளைக்குக் காலையில அந்த மனுஷர் வர்றாரு." கூடையை எடுத்துக்கொண்டாள். "நான் அரிசி வரிசைக்குப் போறேன். வந்து பேசிக்கறேன்."

சுவரின் பழைய சொந்தக்காரியையே கேட்டுவிடுவோம் என்று அவர் சந்திரமதி வீட்டுக்கு நடந்தார். அவர்களுக்கு வீட்டை விற்ற அம்மாள்; பல தலைமுறைக்கு முன்பே கப்பலேறி வந்து தங்கிவிட்ட மலாக்கா செட்டிக் குடும்பம், இரண்டு சந்து தள்ளித் தம்பி வீட்டில் இருந்தாள். தமிழில் சாமி பேர் மட்டும்தான் தெரியும். பேச்செல்லாம் மலாய்.

"எந்த அறை?" என்றாள்.

"பின்னறைதான். எங்கள அங்க தூங்கச் சொன்னீங்களே, அதே அறை."

"நான் எங்கே தூங்கச் சொன்னேன்?"

"சாவி வாங்க வந்த அன்னைக்கு. எம் பெண்டாட்டி சொன்னாளே. நீங்க அந்தக் கதவக் காட்டி, தமிழ்லயே தூங்கு தூங்குன்னு சொன்னதா."

சந்திரமதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "துங்கு," என்றாள் மெதுவாக. "துங்கு என்று சொன்னேன்."

பொன்னுதுரைக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. தஞ்சாவூரிலிருந்து கப்பலேறி வந்த ருக்மணிக்குத்தான் தெரியாது. துங்கு என்றால் காத்திருப்பது.

"யாரு காத்திருக்கா?"

அவள் சொல்லச் சொல்ல அவர் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார். போகி அன்று முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பது அவர்கள் வழக்கம். படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே இருப்பார்கள். முன்னோர்கள் சாப்பிட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் கதவை மூன்று தடவை தட்டுவார். அதுதான் விடை கொடுப்பது. போன வருஷப் போகியன்று, கதவைச் சாத்திய நேரத்தில், ஜப்பான்காரன் ஊருக்குள் வருகிறான் என்று தெருவே ஓடியது. அவர்களும் ஓடினார்கள்.

"தட்டவே இல்லை," என்றாள். "திரும்பி வந்தபோது எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு ஆறு இலை போட்டிருந்தேன். இத்தனை நாளில் இலை காலியாகியிருக்கும்."

புதுவீட்டைக் கூட்டிய அன்று ஆறு இலைச் சருகை வாரிக் கொல்லையில் கொட்டினேன் என்று ருக்மணி சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. பாய் விரித்தது அந்த இடத்தில்தான். ஒரு வருஷம். அந்த ஆறு பேருக்கு நடுவில்.

"இப்போது வீட்டுக்காரர் நீங்கள்தான். நீங்கள் தட்டினால் போய்விடுவார்கள். சுவரும் சரியாகிவிடும். ஆனால் ஒன்று," அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மூன்றாவது தட்டில் உள்ளே இருக்கிற எல்லாரும் எழுந்து போவார்கள். எல்லாரும். ஒரு பூனைகூட உள்ளே இருக்கக் கூடாது."

பொழுது சாயும் நேரம். அவர் நடக்கவில்லை, ஓடினார். ருக்மணி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். காலையில் சோமசுந்தரம். மத்தியானம் குருபோங். லாரிச் சத்தம் கேட்காத இடம்.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. சாம்பிராணி வாடை கூடத்துக்கே வந்துவிட்டது. உள்ளே நக்கும் சத்தம். அவர் இருந்தபோது கேட்டது போல நிதானமாக இல்லை. வேகமாக. முண்டியடித்துக்கொண்டு.

தட்டினார்.

சத்தம் நின்றது.

இரண்டாவது தடவை தட்டினார். உள்ளே சேலைகள் சரசரத்தன. முட்டி மடக்கி எழுந்திருக்கிற முனகல். பல பேர்.

மூன்றாவதுக்குக் கையை ஓங்கினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. கதவோரம் காலிக் கூடை. பக்கத்தில் சுண்ணாம்பு கரைத்த வாளி, புதிதாகக் கரைத்தது, தூரிகை இல்லாமல்.

கை அந்தரத்தில் நின்றது.

"ருக்மணி?"

கதவைத் தள்ளினார். அசையவில்லை. உள்ளிருந்து யாரோ முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ருக்மணி! உள்ளயா இருக்க?"

"அரிசி இல்லன்னுட்டாங்க," என்றது அவள் குரல். கதவுக்கு மிக அருகில். சின்னதாக. "நானே அடிச்சுக் காட்டிருவோம்னு வந்தேன்."

"வெளிய வா. இப்பவே வா!"

"விடமாட்டேங்கறாங்க." மூச்சு வாங்கினாள். "நீங்க சொன்னது நெசந்தாங்க. தின்னுறாங்க. சுவத்துல இருந்தது தீந்துபோச்சு. இப்ப என் கையில ஒட்டியிருக்கறத நக்குறாங்க."