மஞ்சள் கோட்டுக்குள் நிற்பது

காலை ஷிஃப்டுக்குக் குளிர்பதனக் கிடங்கின் வாசலில் வந்து நின்ற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் கையில் சூப்பர்வைசர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடியைத் திணித்தார். பெட்டிகளுக்குப் பின்னால் ஆள் நின்றாலும், சுற்றி மஞ்சள் கோடு போட்டுக் காட்டிவிடுமாம். வண்டி யார் மேலும் ஏறாதாம்.

"இன்னும் ஒரு வருஷத்துல நாய்கூட இதை மாட்டிக்கிட்டுத்தான் குரைக்கும் பாரு," என்று மனைவியிடம் சிரித்தான். அதே கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள் அவள்.

"முதல்ல நீங்க ஒழுங்கா ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். ஏழாவது வரிசையின் நடுவில், மஞ்சள் கோட்டுக்குள், ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஹாரன் அடித்தான். அசையவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினால் வெறும் தரை. மாட்டினால் கைக்கெட்டும் தூரத்தில் முதுகு. நனைந்த சாக்கு நாற்றம் மட்டும் மாட்டினாலும் கழற்றினாலும் அடித்தது.

சூப்பர்வைசர் எதற்கும் அசருகிற ஆள் இல்லை. "மெஷின் கோளாறுப்பா. லாரி காத்துக்கிட்டு நிக்குது. அது மேலயே ஓட்டிட்டுப் போ."

மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஓட்டினான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த முதுகின் ஊடே போய் வந்தான். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

நான்காம் நாள், கடந்து போனபின் திரும்பிப் பார்த்தான்.

அது அவன் பக்கம் திரும்பி நின்றது.

மறுநாள் ஏழாவது வரிசை காலியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டபடி லேபிள் மேசைப் பக்கம் வண்டியைத் திருப்பினான். மனைவியைச் சுற்றி மஞ்சள் கோடு. அவள் தோளை ஒட்டி இன்னொரு கோடு. அவள் குனிந்தால் அதுவும் குனிந்தது.

"கொஞ்சம் இப்படி வா," என்று கிசுகிசுத்தான்.

வந்தாள். அதுவும் வந்தது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல. உனக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"கழுத்துல யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. ஏசி காத்தா இருக்கும்."

அன்று மத்தியானமே இருவரும் வேலையை விட்டார்கள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தபோது சனியனைத் தலைமுழுகிவிட்டதாகத்தான் நினைத்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இனி அது எங்கே நிற்கிறது என்று அவனால் பார்க்க முடியாது.

உச்சி வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினாள். நாளுக்கு நாள் மெலிந்தாள். அவள் கண்ணயரும்போது அவன் காலி இடத்தைப் பார்த்துக் கெஞ்சுவான்.

"உன் மேல வண்டி ஏத்துனது நான். அவளை விட்டுடு."

அதற்குக் கேட்கிறதா என்று தெரியாது.

மாதங்கள் ஓடின. அதற்குள் பஸ் ஓட்டுகிறவர் முதல் பேப்பர் போடுகிறவர் வரை ஊரே அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவளை டாக்டர் அறைக்குள் கூப்பிட்டபோது, வாசல் காவலாளியும் மாட்டிக்கொண்டுதான் நின்றார். மனைவி முன்னால் நடந்தாள். ரிப்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடியவனைக் காவலாளியின் கை தடுத்தது.

"சார், நோயாளிகூட ஒருத்தர்தான் போகலாம்."

"நான்தாங்க அந்த ஒருத்தர். அவ புருஷன்."

காவலாளி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவங்ககூட ஒருத்தர் போயாச்சே சார்."

"விடுங்க, அது யாருன்னே எங்களுக்குத் தெரியாது!" என்று கத்தியபடி கதவை நோக்கிப் பாய்ந்தான். காவலாளி அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. "உக்காருங்கம்மா. நீங்களும் உக்காருங்க."

ஒரு நாற்காலி இழுபட்டது. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.