இரண்டு பேர் அளந்த கம்பி

"சார், பச்சமுத்து அண்ணன் திருடருன்னா நான் இன்னியோட ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்!" என்றபடி உள்ளே வந்தார் டாக்ஸி ஓட்டும் நீலாவதி.

விபத்து வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதும் பழமலை, பேனாவை மூடிவைத்தார். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தமிழ்ச்செல்வனுக்குத் துப்பு வேலை என்றால் மூக்கில் வேர்த்துவிடும். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நின்றான்.

விஷயம் இதுதான். நீலாவதியின் பழைய அம்பாசிடருக்கு மெக்கானிக் பச்சமுத்து செய்து வாங்கிய கியர் கம்பி பொருந்தவில்லை. இந்த மாதம் மூன்று கார்களுக்கு இதே கூத்து. வந்த பாகம் எல்லாமே குட்டை.

"இரும்பை மிச்சம் புடிக்கிறாருன்னு பேசுறாங்க. சாயங்காலம் ஸ்டாண்டுல கூடி, இனிமே அவரு ஷெட்டுக்கு யாரும் வண்டி விடக்கூடாதுன்னு முடிவெடுக்கப் போறாங்க. எங்க வூட்டுக்காரரு போனப்புறம், ஊரே சிரிச்சப்ப எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தவருங்க அவரு. எம் புள்ளைங்க தின்னுற சோறு அவரால வந்தது."

ஷெட்டில் பச்சமுத்து பொருமிக்கொண்டிருந்தார். "பழைய கம்பியக் கழட்டி அனுப்புனா பாவம், இவங்க வண்டி ரெண்டு நாளு நிக்கும். அதான் வண்டியிலயே அளந்து, வேப்பூர் லேத்துக்காரரு சாமிதுரைக்குப் போன்ல சொல்லுவேன். பத்து வருசப் பழக்கம். இப்ப என்னவோ குட்டையா அனுப்புறாரு. கொளஞ்சியப்பரு கோயில்ல அவரு மேல பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிட்டேன், அந்தச் சாமியே விசாரிக்கட்டும்!"

"அளந்து காட்டுங்க" என்றார் பழமலை.

பச்சமுத்து ஒரு மரச்சட்டத்தை எடுத்தார். அதன் கோடுகளுக்குள் வெள்ளை மாவு படிந்திருந்தது. வண்டியிலிருந்த பழைய கம்பி இருபது சென்டிமீட்டர். புதியது பதினெட்டுக்குக் கொஞ்சம் மேல்.

"ஸ்கேல் புதுசோ?"

"போன மாசம் என் ஸ்கேலு தொலைஞ்சு போச்சுங்க. செராமிக் பொம்மைக் கம்பெனியில பேக்கிங் பாக்குற என் சம்சாரம் வளர்மதி இதைக் கொண்டாந்து குடுத்துச்சு."

புதிய கம்பியை எடுத்துக்கொண்டு பழமலையும் தமிழ்ச்செல்வனும் வேப்பூர் போனார்கள். சாமிதுரை தன் இரும்பு ஸ்கேலை வைத்தார். கச்சிதமாக இருபது! "அவரு சொன்ன அளவு இருபது. நான் செஞ்சது இருபது. பொய் சொல்றது யாருங்க?"

"பச்சமுத்துதான்!" என்று துள்ளினான் தமிழ்ச்செல்வன்.

"ரெண்டு பேரும் நம்ம கண்ணு முன்னாடிதான்யா அளந்தாங்க. கம்பியும் ஒண்ணுதான்" என்றார் பழமலை. சாமிதுரையையும் கையோடு அழைத்து வந்தார்.

ஸ்டாண்டில் டிரைவர்கள் கூடியிருந்தார்கள். பச்சமுத்து மரச்சட்டத்தோடு வந்திருந்தார்; அவர் மனைவி வளர்மதி ஓரமாக நின்றார். பழமலை தமிழ்ச்செல்வனிடம் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கேட்டு வாங்கினார்.

"இதோட நீளம்?"

"இருபத்தொன்பது புள்ளி ஏழு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"பச்சமுத்து, உங்க சட்டத்தால அளங்க."

அளந்த பச்சமுத்து விழித்தார். "இருபத்தேழுங்க!"

"தாளும் குட்டையா வந்துச்சா?" என்றார் பழமலை. "களிமண்ணு காஞ்சு, சூளையில வெந்தா சுருங்கும். பத்து சென்டிமீட்டர் பொம்மை வேணும்னா பதினொண்ணா அச்செடுக்கணும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியுமா? அதனால பதினொண்ணைப் பத்துன்னு காட்டுற மாதிரி கோட்டைத் தள்ளிப் போட்ட சட்டம் இது. கோட்டுல இருக்கிறது வெள்ளைக் களிமண் தூளு. பழைய கம்பி நெசத்துல இருபத்திரண்டு. இது இருபதுன்னு காட்டுச்சு. பச்சமுத்து பாத்ததைச் சொன்னாரு, சாமிதுரை கேட்டதைச் செஞ்சாரு. இதுல திருட்டு எங்க இருக்குது?"

வளர்மதி அழுதுவிட்டார். "வேணாம்னு ஒதுக்கிப் போட்டிருந்தாங்க, கேட்டு வாங்கியாந்தேன். எம் புருசன் பேரை நானே கெடுத்துட்டேனே!"

"அட, கழிச்சுப் போட்டதைப் பாத்தும் என் நெனப்பா இருந்தியே, அது போதும் புள்ள" என்ற பச்சமுத்து, சாமிதுரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல பிராது கட்டிட்டேனே சாமி!"

சாமிதுரை நெளிந்தார். "நானும் உங்க மேல ஒண்ணு கட்டியிருக்கேன்."

ஸ்டாண்டே கொல்லென்று சிரித்தது.

மறுநாள் சரியான கம்பி வந்தது. நீலாவதி காரின் பின்கதவைத் திறந்தார். "ரெண்டு அண்ணனும் ஏறுங்க. கோயிலுக்குப் போயி பிராதை வாபஸ் வாங்கிட்டு வருவோம்." பழமலையைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்க நல்லா இருக்கணும் சார்." பிறகு கியரைப் போட்டார். அது அலுங்காமல் விழுந்தது.

"கிளட்ச்ச மெதுவா விடும்மா" என்றார் பச்சமுத்து, பழைய வாத்தியார் குரலில்.

"சரிங்கண்ணே" என்றார் நீலாவதி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.