செல்வராணி சுமந்த நோய்

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூடச் செல்வராணி கவனிக்கவில்லை. கூடத்தில் கணவர் ராகவனின் கைப்பேசியிலிருந்து மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அபினவின் அம்மா பேசுவது கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணோட அம்மாவுக்கு வலிப்பு இருக்குன்னு வெளியில நாலு பேர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வருது. நாளைக்கு ஸ்னேகாவுக்கும் வராதுன்னு என்ன நிச்சயம்? இத்தோட விட்டுருவோம்..."

பேச்சு நின்றுபோனது. வங்காளத்து ஜாதவ்பூரின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் வழிந்த பாலின் வாசனை பரவியது. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடிக் கடை வைத்திருக்கும் ராகவன், கிளம்புவதற்காகச் செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்தார். பிறகு மறுபடியும் நுழைத்துக்கொண்டார்.

மகள் ஸ்னேகா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"இப்ப சந்தோஷமாம்மா?"

"ஸ்னேகா..."

"பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே சொல்லிடலாம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்! வேண்டாம் வேண்டாம்னு என் வாயை அடைச்சியே... ச்சே! இனிமே ஆபீஸ்ல அபினவ் முகத்துல எப்படி முழிப்பேன்?"

செல்வராணி அடுப்பு மேடையைத் துடைத்தாள். பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை, உண்மையைச் சொல்ல வழியில்லை. அதை இந்தப் பெண்ணிடம் எப்படி விளக்குவது?

"சின்ன வயசுல ஒரு நாளாவது என் பக்கத்துல படுத்திருக்கியா நீ? உனக்கு முடியாமப் போனா அத்தை பார்த்துப்பாங்கன்னு அத்தை ரூம்லதானே படுத்துக்கிட்டே? நோய் உனக்கு... அம்மா இல்லாம வளர்ந்தது நான்!"

செல்வராணி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

நோய் அவளுக்கு இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ராகவனின் தங்கை சரிதா, தாய் இறந்த பிறகு செல்வராணியின் கையில் வளர்ந்தவள். கல்லூரியில் படிக்கும்போது அவளுக்கு வலிப்பு தொடங்கியது. தூக்கத்தில் உடம்பெல்லாம் வெட்டி இழுக்கும். அதனால்தான் செல்வராணி தன் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு நாத்தனாரின் பக்கத்தில் படுத்தாள். மாத்திரைகளால் இழுப்பு நின்றது. பகலில் வரும் சின்னச் சின்ன நினைவு தப்பல்கள் மட்டும் நிற்கவில்லை.

எட்டு வருடங்களுக்கு முன் சரிதாவைப் பெண் பார்க்க மஹாதேவனின் வீட்டார் வந்தார்கள். அவனுடைய அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வலிப்புக்குப் போடறதாச்சே... யாருக்கு?" என்று கேட்டார். சரிதாவின் முகம் வெளுத்தது. ராகவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத்தாம்மா" என்றாள் செல்வராணி.

அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் நடந்தது; ஸ்னேகாவும் அதையே நம்பினாள். அந்தக் கல்யாணத்திலேயே அவளை ஆரத்தித் தட்டைத் தொட விடவில்லை. தட்டோடு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றார்களாம்.

அபினவின் அம்மா பேசிய அன்று பகல் பதினொரு மணிக்கு, ஸ்னேகாவும் ராகவனும் போன பிறகு, புகுந்த வீடு இருக்கும் நியூ டவுனிலிருந்து சரிதா வந்து இறங்கினாள். காலையில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"மதினி! இதைப் பாருங்க. டாக்டர் சென் கொடுத்தாங்க..." கடிதத்தை நீட்டினாள். "மாத்திரை எதுவும் இனிமே கேக்காதாம். புதுசா ஒரு ஆராய்ச்சி இருக்கு. லேப்ல வளர்த்த நரம்பு செல்லை மூளைக்குள்ள வைக்கிறாங்களாம். இதுவரைக்கும் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் செஞ்சிருக்காங்க. என்னையும் சேர்த்துக்கலாமான்னு பார்க்கிறாங்க. எனக்கு வர்றதைக் கண்ணால பார்த்த ஒருத்தர் வந்து சொல்லணுமாம். நீங்க வருவீங்கல்ல?"

"உன் வீட்டுக்காரர்?"

"அவருக்குத் தெரிய வேண்டாம் மதினி. பிரஷர் குறைஞ்சு மயக்கம் வருதுன்னுதான் அவர் நெனைச்சுக்கிட்டிருக்கார்..."

அபினவ் வீட்டார் பேசியது செல்வராணியின் தொண்டை வரை வந்தது. சரிதாவின் கண்களில் அத்தனை நம்பிக்கையைக் கண்டதும் விழுங்கிவிட்டாள்.

"வர்றேன்" என்றாள்.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் சென் வங்காள மொழியில் நிதானமாகக் கேள்வி கேட்டார். செல்வராணி எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் ஏதோ கருகுகிற வாசனை வருவதாகச் சரிதா சொல்வாள். பிறகு கண் நிலைகுத்தும், வாய் எதையோ மெல்வதுபோல அசையும், வலது கை துணியைப் பிசையும். முடிந்ததும் தண்ணீர் கேட்பாள், கேட்டதே நினைவிருக்காது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பெற்ற தாய்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லிக் கேட்டதில்லை" என்றார். பிறகு விளக்கினார். "மூளையின் ஒரு மூலையில் நரம்பு செல்கள் கட்டுப்பாடில்லாமல் கொந்தளிக்கின்றன. அவற்றை அடக்கி வைக்கும் செல்களை மெல்லிய ஊசி வழியாக அங்கே வைப்போம். அவை வேர்பிடிக்க மாதங்கள் ஆகும். பிடிக்காமலும் போகலாம். வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. பல வருடம் கண்காணிக்க வேண்டும். அதனால் கூட வாழ்கிறவர் எல்லாம் தெரிந்து சம்மதிக்க வேண்டும். கணவர் எங்கே?"

சரிதா தலைகுனிந்தாள். டாக்டர் கோப்பை மூடினார்.

வெளியே தாழ்வாரத்தில் சரிதா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி... ஒரே ஒரு வழி இருக்கு. ஆபரேஷன் உங்களுக்குன்னு சொல்லிடுவோம். உங்களுக்குத் துணையா ஆஸ்பத்திரியில இருக்கேன்னு அவர்கிட்ட சொல்லிக்கறேன். உங்களுக்கு வலிப்புன்னு ஏற்கெனவே எல்லாரும் நம்பறாங்கல்ல? டாக்டர்கிட்ட கையெழுத்துக்கு அண்ணனை..."

செல்வராணி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"முடியாது சரிதா."

"மதினி!"

"எட்டு வருஷமா உன் நோயை என் பேர்ல வச்சுக்கிட்டேன். அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா ஊசி இறங்கப்போறது உன் தலையில. உள்ள உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அங்க கிடக்கிறது தன் பொண்டாட்டின்னு அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா? இதுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அவர் என்னை விட்டுட்டார்னா? அம்மா போனப்புறம் நீங்கதான் எனக்கு அம்மான்னு நெனைச்சேன்... கடைசியில நீங்களும் மதினியாயிட்டீங்க!"

அழுதுகொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். செல்வராணி தனியாகப் பேருந்தில் வீடு திரும்பினாள். வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

சாயங்காலம் ராகவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் ஜன்னலோரம் போய் நின்றார்.

"அன்னிக்கு நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன் ராணி. வாயைத் திறந்து கேக்கல. ஆனா கேட்டேன்... அப்படிக் கேட்டதை எட்டு வருஷமா கேக்காத மாதிரியே இருந்துட்டேன்."

அவர் தங்கைக்குப் போன் செய்தார். ஸ்னேகாவின் கல்யாணம் எதனால் நின்றது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரிதா கணவனோடு வந்தாள். உட்காரவில்லை. நேராக ஸ்னேகாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஸ்னேகா, வலிப்பு உங்கம்மாவுக்கு இல்ல. எனக்கு. ராத்திரியில உங்கம்மா என் பக்கத்துல படுத்தது எனக்காக. அந்த மாத்திரையும் என்னுது. எனக்குக் கல்யாணம் நடக்கணும்னு உங்கம்மா அந்தப் பேரை வாங்கிக்கிட்டாங்க... நான் பேசாம இருந்துட்டேன்."

மஹாதேவனுக்கும் இது அப்போதுதான் தெரிந்தது; அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன்தான் கேட்டான்.

"குழந்தை இப்ப வேண்டாம், அப்புறம் பார்ப்போம்னு தள்ளிக்கிட்டே இருந்தியே... அதுக்கும் இதுதான் காரணமா?"

"அந்த மாத்திரை போட்டுக்கிட்டே குழந்தை பெத்தா, அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்... டாக்டர்கிட்ட கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு அதைவிடப் பயம்."

மஹாதேவன் நாற்காலியில் சாய்ந்தான். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். "எட்டு வருஷம்... என் பக்கத்துல உட்கார்ந்து எட்டு வருஷம் தனியா பயந்திருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எனக்குக் கோபம் இருக்கு சரிதா. உடனே போயிடும்னு சொல்ல மாட்டேன்." பிறகு எழுந்து செல்வராணியிடம் வந்தான். "அக்கா, உங்களைக் கல்யாணத்துல ஓரமா நிக்க வச்சது எங்கம்மா. அவங்களுக்கும் சேர்த்து நான் மன்னிப்பு கேக்கறேன். ஆஸ்பத்திரிக்கு எப்ப வரணும்னு சொல்லுங்க."

ஸ்னேகா சட்டென்று ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"என்னென்ன பேசிட்டேன்மா... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா? என்கிட்டயாவது!"

"சொன்னா, உங்கத்தையை நீ எப்படிப் பார்ப்பியோன்னு..." செல்வராணி மகளின் தோளில் முகம் புதைத்தாள். அத்தனை வருடமும் அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்து வந்தது.

அந்த வாரமே அபினவின் அம்மா மறுபடி கூப்பிட்டார். விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஸ்னேகா அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு நோய் இல்லைங்கிறதுக்காக நீங்க மனசு மாற வேண்டாம். எங்க அத்தைக்கு இருக்கு. அவங்க எனக்கு ரத்த சொந்தம். அதோட, அபினவ் இத்தனை நாள்ல என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அதுவே போதும். வச்சிடறேன்."

கையெழுத்திட்ட தாள்கள், ஸ்கேன்கள், சோதனைகள் என்று மூன்று மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை சரிதாவை உள்ளே அழைத்துப்போனார்கள். மஹாதேவனும் செல்வராணியும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், "வைத்துவிட்டோம். இனி பொறுத்திருக்க வேண்டியதுதான்" என்று மட்டும் சொன்னார்.

அறுவை முடிந்து ஏழாவது மாதம் ஒரு காலையில் மஹாதேவன் கூப்பிட்டான்.

"அக்கா, நேத்து வந்துடுச்சு. போன மாசம் ரெண்டு தடவை, இந்த மாசம் இது ஒண்ணுதான். அவ வாய் அசைய ஆரம்பிச்சதும் கையைப் பிடிச்சுக்கிட்டு நேரம் பார்த்தேன். முப்பது செகண்ட். முன்னால ஒண்ணரை நிமிஷம் இருக்கும்னு நீங்க சொன்னீங்கல்ல?"

"ஆமா தம்பி. இருக்கும்."

"போகப் போக இன்னும் குறையுதான்னு பார்க்கலாம்னாங்க டாக்டர். இதுக்கு மேல குறையாம இப்படியே இருந்தாலும் இருக்குமாம். உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க." அவன் கொஞ்சம் தயங்கினான். "அது வர்றப்ப அவ முகம் எப்படி இருக்கும்னு இத்தனை வருஷம் நான் சரியாப் பார்த்ததேயில்லக்கா. பாவம்... ரொம்பப் பயந்து போயிடறா."

பின்னால் சரிதா போனைக் கேட்பது காதில் விழுந்தது.

"மதினி? எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணைத் திறந்தப்ப இவர் பக்கத்துல இருந்தார். என்ன ஆச்சுன்னு தெரியுதான்னு கேட்டார்... மயக்கம்னு சொல்லல, வலிப்பு வந்துச்சுன்னு சொன்னேன்."