உடையாத கண்ணாடிப் பட்டை

"என் கடைக் கதவு சாத்த மாட்டேங்குதுக்கா. ஆனா சுவர் அசையவே இல்லைன்னு இன்ஜினியர் சொல்றார். என்னை நம்பி உள்ளே பொண்ணுங்க உட்கார்ந்து தைக்குதுங்க. நான் யாரை நம்புறது?" என்று மூச்சு வாங்க வந்து நின்றாள் தையற்காரி.

துப்பறியும் அம்மாள் நிதானமாகச் செருப்பை மாட்டினாள். அதற்குள் அவள் மாப்பிள்ளை தெருவில் நின்றார். மாமியாருக்கு ஒரு வழக்கு வந்துவிட்டால் அவருக்குக் கால் தரையில் பாவாது.

அது பழங்காலச் செங்கல் கட்டடம். நடையில் கட்டடக் காவல்காரர் பச்சைச் சாயல் கண்ணாடியை அறுத்து ஜன்னலில் பொருத்திக்கொண்டிருந்தார். "நான் இருக்கிற வரைக்கும் இங்க ஒரு கண்ணாடி உடைஞ்சு கிடக்காதும்மா" என்றார் பெருமையாக.

தையல் கடையின் கதவுக்கு மேலே வளைவு. வளைவில் ஒரு விரிசல். அதன் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தார்கள். சுவர் மயிரளவு நகர்ந்தாலும் பட்டை உடைந்துவிடும். மாதாமாதம் பார்க்க வரும் இன்ஜினியர் அன்றும் வந்திருந்தார்.

"பாருங்க, முழுசா இருக்கு. கதவுலதான் கோளாறு" என்றார்.

கதவின் அடியில் தரையில் புதிய வெள்ளைக் கீறல். அம்மாள் ஸ்டூல் மேல் ஏறினாள். பட்டையிலும் லேசான பச்சை. சாந்தைப் புறங்கையால் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"புரிஞ்சுபோச்சு அத்தை! இன்ஜினியர்தான் ஏமாத்துறார்!" என்று மாப்பிள்ளை அம்மாளின் காதில் கத்தினார்.

"கொஞ்சம் மூச்சு விடுங்க மாப்பிள்ளை. எல்லாரும் முற்றத்துக்கு வாங்க. மெஷினைத் தொடாதீங்க, நடங்க!"

எப்போதும் நிதானமான அந்தக் குரல் முதல்முறை உயர்ந்தது. பெண்கள் ஊசியும் நூலுமாக ஓடி வந்தார்கள். முற்றத்தில்தான் அவள் விளக்கினாள்.

"கதவு புதுசா உரசுதுன்னா வளைவு இறங்குது. இறங்கினா கண்ணாடி உடையணும். உடைஞ்சுதான் போயிருக்கு, யாரோ புதுசா மாத்தி ஒட்டியிருக்காங்க. சாந்தில இன்னும் ஈரம் காயலை. கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடிதான். என்ன அண்ணே?"

காவல்காரர் விழித்தார். "ஆமாம்மா. அடிக்கடி உடையும். சார் வர்றதுக்குள்ள மாத்திடுவேன். பார்த்தா என்னைத்தானே திட்டுவார்?"

"இதுவரைக்கும் எத்தனை தடவை மாத்தினீங்க?" என்று மாப்பிள்ளை துள்ளினார்.

"எண்ணலையே தம்பி. உடைஞ்சதைப் போடுற டப்பா நிறைஞ்சிருச்சு."

இன்ஜினியர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அந்தப் பட்டை எதுக்குன்னு நான் இவர்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றபடி, வளைவுக்கு முட்டுக் கொடுக்க ஆள் கேட்டுப் போன் அடித்தார்.

உள்ளே 'டிக்' என்றது. பச்சைப் பட்டையின் பாதி தரையில் விழுந்து சிதறியது. வளைவிலிருந்து பொலபொலவென்று செங்கல் தூள் உதிர்ந்தது, சற்று முன் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில்.

காவல்காரரின் கை தன்னையறியாமல் கண்ணாடி அறுக்கும் கருவிக்குப் போனது.

தையற்காரி எட்டி அவர் சட்டையைப் பிடித்தாள். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதை மட்டும் உடைஞ்சபடியே விடுங்க."