வழவழவென்று ஒரு கடிகாரம்

ஒடில் படியேறி வரும் சத்தத்தில் ஏதோ குறைந்தது. வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு அவள் இந்த மரப்படிகளில் ஏறுவது இவானுக்குத் தன் இருமலைப் போலப் பழகிப்போன ஓசை. டக், சர்ர், டக், சர்ர். இன்று வெறும் டக், டக். வேறு யாரோ என்று நினைத்தான். பூட்டில் சாவி திரும்பியது.

மேசைமேல் இருந்த கைக்கடிகாரத்தைத் தோல்துணியால் அவசரமாக மூடினான். ஜன்னலுக்கு வெளியே, கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன சுவிஸ் ஊரான லா ஷோ-த-ஃபோன் ஜனவரி அந்தியில் நீலம் பாரித்துக் கிடந்தது. பனி தள்ளும் வண்டி ஏதோ ஒரு தெருவை விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டிலிருந்து உருகும் பாலாடைக்கட்டியின் வாசம் தரைப்பலகை வழியாக ஏறி வந்தது.

கடிகாரம் அவன் மனைவி ஒடிலின் அப்பாவுடையது. அவள் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பியபோது அவன் கையில் கொடுத்து, "எண்ணெய் மட்டும் போடு. வெளியில கை வைக்காத. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதன் விளிம்பில் ஆழமாக அடிபட்ட பள்ளம் ஒன்று இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது பனிச்சறுக்கு வண்டி கவிழ்ந்து, அவள் தலைக்கும் பாறைக்கும் நடுவே அப்பா கையைக் கொடுத்த நாளில் விழுந்தது. அவள் கணுக்கால் நொறுங்கியதும், முகவாய் கிழிந்ததும் அன்றுதான்.

இவான் எண்ணெய் போட்டான். அத்துடன் எழுந்திருக்கலாம். ஆனால் அவனுக்குத் தொழிலே பாலிஷ் போடுவது. அவனிடம் கீறல் விழுந்த கடிகாரத்தைக் கொடுப்பது, சலூன்காரரிடம் தலையைக் கொடுத்துவிட்டுச் சீவி மட்டும் விடுங்கள் என்பதைப் போல. ஒரு கீறலை எடுத்தான். உடனே பக்கத்துக் கீறல் அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் எடுத்தான். பள்ளத்தில் எஃகைப் பற்றவைத்து நிரப்பித் தேய்த்தான். டயலில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. சுரண்டி, வெள்ளை பூசி, எழுத்துகளைப் புதிதாக எழுதினான். பின்மூடியின் உட்புறத்தில், பழுது பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஊசியால் கீறிவைத்த அடையாளங்களுக்கு நடுவே, அப்பா கீறிய மகள் பெயர். யார் பார்க்கப் போகிறார்கள்? அதையும் வழித்தான். அவள் மகிழ்ந்துபோவாள் என்று மனதார நம்பினான். கணவர்கள் நம்புவார்கள்.

"என்னத்த மூடி வெச்சிருக்க?"

அவளே துணியை விலக்கினாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"ரொம்ப நல்லாருக்கே."

"திட்ட மாட்டியா?"

"எதுக்கு?"

"அந்த அடி... உங்கப்பா..."

"எந்த அடி?" சிரித்தாள். முகவாயில் தழும்பு இல்லை.

"கால் எப்படியிருக்கு?"

"எனக்கென்ன, ரெண்டும் இருக்கு."

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனான். தண்ணீர் குடிக்கவில்லை. பட்டறையில் தன் பக்கத்து மேசைக்காரனான ஃபாப்ரிஸைத் தொலைபேசியில் அழைத்தான்.

"என்னடா, மாமனார் கடிகாரம் தேய்ஞ்சு சோப்புக்கட்டி ஆயிடுச்சா?"

"விளையாடாத ஃபாப்ரிஸ். ஒடில் காலை இழுத்துத்தானே நடப்பா?"

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு என்கிட்ட கேக்குறியா? ஆமா. ஏன்?"

"இப்ப இழுக்கல."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. "டயலைத் தொட்டியா?"

"தொட்டேன்."

"மூடிக்கு உள்ள?"

"அதையும் வழிச்சுட்டேன்."

"அடப்பாவி. அங்க எவனும் கை வைக்க மாட்டானேடா. வழிச்ச எஃகைத் திரும்ப ஒட்ட முடியுமா? நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

"எனக்கு அவ வேணும், ஃபாப்ரிஸ்."

"கடிகாரத்தப் பத்தித்தானேடா பேசுறோம்?"

"இவான்." உள்ளிருந்து அழைப்பு. எப்போதும் கடைசி எழுத்தை இழுத்து, ஒரு சலிப்போடு கூப்பிடுவாள். இந்தக் குரலில் இழுவையும் இல்லை, சலிப்பும் இல்லை. ரயில் நிலைய அறிவிப்பைப் போலச் சுத்தமாக இருந்தது. கூடவே ஒரு வாசம்: பாலிஷ் மெழுகு, தேய்த்துச் சூடேறிய எஃகு. பாலிஷ் சக்கரத்தை அவன் காலையிலேயே நிறுத்திவிட்டிருந்தான்.

மேசை விளக்கடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கன்னத்துப் பழுப்புப் புள்ளிகள் போயிருந்தன. புருவங்களும். விளக்கொளி அவள் நெற்றியில் விழுந்து எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. மூக்கின் கீழே நிழல் விழவில்லை.

"உன் பேர் என்ன?" என்று கேட்டான்.

யோசித்தாள்.

"ஏதோ இருந்துச்சு."

ஊசியை எடுத்தான். கடிகாரத்தைத் திருப்பி மூடியைக் கழற்றினான். அவள் பெயரின் முதல் எழுத்து. ஒரே ஓர் எழுத்து போதும். ஊசி வழுக்கியது. அழுத்தினான். வழுக்கியது. கண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி. எஃகில் ஒரு கோடுகூட விழவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான்.

அவள் ஊசியை அவன் விரல்களிலிருந்து மெதுவாக விடுவித்தாள்.

"வேணாம். கெட்டுப்போயிடும்."

அவள் உள்ளங்கையில் ரேகைகள் இல்லை. சூடாக இருந்தது. கையை உருவப் பார்த்தான். முடியவில்லை.

"இங்க ஒண்ணு இருக்கு," என்றாள்.

அவன் கண்ணோரச் சுருக்கத்தைத்தான் சொன்னாள். கட்டைவிரலை வைத்தாள்.

"ஒடில்."

"அசையாத."

தேய்த்தாள். வலிக்கவில்லை. ஒருமுறை. இன்னொரு முறை. பிறகு அந்தப் பக்கம் எதுவுமே உறைக்கவில்லை. அவள் பொறுமையாக, ஆசையாக, இன்னும் கிட்டே குனிந்தாள். கண்ணாடியாகிவிட்ட அவள் கன்னத்தில் இவான் தன் முகத்தைப் பார்த்தான்.

அதில் ஒரு கண்தான் இருந்தது.