அக்காவின் அந்துப்பூச்சிகள்

அக்கா செத்த பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காத தம்பி, ஒரு மழைக்காலப் பிற்பகலில் சொந்த வீடு போல உள்ளே நுழைந்தார். அவருக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. பலகையில் ‘கலைக்கூடம்’ என்றிருக்கும். உள்ளே இருப்பது பசையும் அலட்டலும்தான்.

புது ஓட்டலின் வரவேற்பறைக்குப் பட்டாம்பூச்சிச் சட்டங்கள் தருவதாகப் பெரிய மனிதர்கள் நடுவே சவடால் விட்டிருந்தார். மறுநாள் காலை திறப்பு விழா. கையில் ஒரு பூச்சிகூட இல்லை. மானம் கப்பலேறும் நிலை.

அத்தான் மாடியறையைத் திறந்தார். பகலிலும் இருட்டு. பாச்சை உருண்டை நெடி. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சாம்பலும் காவியும் பாசிப்பச்சையுமாக, தடித்த ரோம உடம்புகளோடு இறக்கை விரித்துக் கிடந்தன அக்கா சேர்த்த பூச்சிகள்.

“இது பட்டாம்பூச்சி இல்ல மச்சான், அந்துப்பூச்சி,” என்று அத்தான் கிசுகிசுத்தார். “கொம்பைப் பாருங்க. பட்டாம்பூச்சிக்கு நூல் மாதிரி, நுனியில குமிழ் இருக்கும். இதுக்கு இறகு மாதிரி.”

“அவ்வளவுதானே? இறகை வெட்டிட்டு நூலை ஒட்டினா பட்டாம்பூச்சி. வர்றவன் பூதக்கண்ணாடியோடவா வருவான்?”

“மெதுவாப் பேசுங்க. அவ கேட்டுட்டு இருக்கா.”

“உயிரோட இருந்தப்பவே அக்கா என் பேச்சைக் கேட்டதில்ல, அத்தான்.”

அத்தான் சிரிக்கவில்லை. வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை. பூச்சி பார்க்கிறேன் என்று காலமெல்லாம் சுவர் சுவராகத் திரிந்த அக்காவைப் ‘பைத்தியம்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான் இந்தத் தம்பி. இப்போது அந்தப் பைத்தியத்தின் பெட்டிகள் இனித்தன.

கத்தரியை எடுத்தார்.

ஒரு வெட்டு.

மூலையில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சன்னல்களோ ஒருக்களித்துக்கூடத் திறந்திருக்கவில்லை. அடுத்த பூச்சி, அடுத்த வெட்டு. வெட்டுக்கு வெட்டு அந்த மூச்சு நெருங்கி வந்தது. நின்றிருக்கலாம். ஆனால் நாளைக்குக் கிடைக்கப்போகும் கைத்தட்டல் காதை அடைத்திருந்தது.

கடைசியாக, இறக்கையில் கண் வரைந்தது போன்ற பெரிய பூச்சி. அதன் கொம்பு மேசையில் விழுந்தது.

மூச்சு அவர் பிடரியில் பட்டது.

பிறகு, புருவத்தின் மேல் ஒரு விரல் மெல்ல நடந்தது.

பெட்டிகளை அள்ளிக்கொண்டு இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு மாடியிலேயே தங்கிவிட்டது. அதை எடுக்கத் திரும்பிப் போகும் வீரம் அவருக்கு இல்லை.

இரவோடு இரவாக நூல் ஒட்டிச் சட்டம் போட்டார். விழா என்னவோ அமோகம். “எவ்வளவு அழகான பட்டாம்பூச்சிங்க!” என்று பட்டும் பவுடருமாக ஒரு கூட்டம் வாய் பிளந்தது. பூச்சிக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாத அந்தக் கூட்டத்துக்கு இவரே மேதை. புருவம் அரித்தது, புகழ் அரிப்பு என்று சொறிந்துகொண்டார்.

வீட்டில் அவர் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

“என்னங்க இது, புருவத்துல ரெண்டு இறகு?”

பிடித்து இழுத்தாள். வீடே அதிரக் கத்தினார். ஒட்டியிருக்கவில்லை, முளைத்திருந்தன.

காற்றில்லாத அறையில் அவை இரண்டும் தாமாக விரிந்தன. எதையோ மோப்பம் பிடித்தது போல மெல்லத் திரும்பி, அக்கா வீடு இருக்கும் திசையில் நின்றன. அவர் கால்களும் வாசல் பக்கம் நகர்ந்தன.

“எங்கே போறீங்க? அசையாம உட்காருங்க,” என்றாள் மனைவி. “கத்தரி எடுத்துட்டு வரேன்.”